அட்டையில் அமைந்த விசித்திரக் கண்ணாடி

2014-ஆம் ஆண்டு, கூகுளின் பாரிஸ் கலாசார நிறுவனத்தில் பணிபுரிந்த டேவிட் கோஸ், டாமியன் ஹென்றி என்னும் இருவர் ஆக்கிய ‘கார்ட்போர்டு’ என்ற மெய்நிகர்க் காட்சி உபகரணத்தை, எவரும் அட்டையை வெட்டி வீட்டிலேயே செய்துகொள்ளும்படி வரைபடத்தோடு உலகத்தாருக்கு இலவசமாக வழங்கிய பெருந்தன்மை போற்றுதற்குரியது. பொத்தானோ மின்கம்பியோ இன்றி, பக்கவாட்டிலுள்ள காந்த வளையத்தைக் கீழே இழுத்துவிட்டால், உள்ளே பொருத்திய செல்பேசியின் காந்த உணரி அச்சலனத்தையே கட்டளையாக ஏற்கிறது. எத்தகைய சிக்கனமான யுக்தி! செல்பேசித் திரையைக் காட்டும் வில்லைகள் பிம்பத்தின் ஓரங்களை வெளியே இழுத்து விகாரப்படுத்தும் என்பதை முன்னரே கணித்து, மென்பொருள் அப்பிம்பத்தைப் பீப்பாய்போல் நடுவே உப்ப வரைந்துவைக்க, இரு குறைகளும் ஒன்றையொன்று தீர்த்து, நேர்கோடு நேர்கோடாகவே தோன்றுகிறது. 2019-இல் அம்மென்பொருளின் மூலநிரலும் பகிரங்கமாக்கப்பட்டது. தலை திரும்பும் திசையை அளக்கும் பகுதியும் அதில் அடக்கம்.