கண்டதும் சொன்னதும்

பறக்கும் தட்டுச் சமாசாரத்தில் இலக்கிய விமரிசனம் செய்ய என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கண்டதை எப்படிச் சொல்வது என்பதுதானே கதை எழுதுகிறவனுடைய முதல் கஷ்டம்? அந்தக் கஷ்டம் ராணுவ வீரர்கள் சிலருக்கு ஒரு சமயம் வந்தது. அவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பதில் நமக்கு லாபம் உண்டு.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம், ஸஃபோக் பிரதேசத்தில், ரெண்டல்ஷாம் என்று ஒரு காடு. அதன் அருகே வுட்பிரிட்ஜ், பென்ட்வாட்டர்ஸ் என்ற இரண்டு விமானத் தளங்களில் அந்நாளில் அமெரிக்க விமானப் படை இருந்தது. 1980 டிசம்பர் 26-ந் தேதி விடியற்காலை சுமார் மூன்று மணிக்கு, காவலில் இருந்த வீரர்கள் காட்டுக்குள் வெளிச்சம் இறங்குவதைக் கண்டார்கள். விமானம் ஏதாவது விழுந்துவிட்டதோ என்று தேடிப் போனார்கள். 28-ந் தேதி விடியுமுன், தளத்தின் துணைத் தளபதி லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் ஹால்ட் தாமே ஆட்களுடன் காட்டுக்குள் சென்றார். கதிர்வீச்சை அளக்கும் கருவி ஒன்றும், ஒரு சின்ன டேப் ரிக்கார்டரும் கொண்டு போனார்.

இந்தச் சம்பவம் நமக்கு மூன்று உருவங்களில் கிடைக்கிறது. முதலாவது, 1981 ஜனவரி 13-ந் தேதியிட்டு ஹால்ட் எழுதிய உத்தியோகக் குறிப்பு. ஒரே பக்கம், மூன்றே பாராக்கள். முக்கோண வடிவில் உலோகம் போன்ற ஒரு பொருள், உச்சியில் சிவப்பு விளக்கு, அடியில் நீல விளக்குகள், மறுநாள் தரையில் மூன்று பள்ளங்கள், பிறகு வானத்தில் மணிக்கணக்கில் நின்ற நட்சத்திரம் போன்ற ஒளிகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஆச்சரியக் குறி கிடையாது. வேற்றுக் கிரகம் என்ற பேச்சே இல்லை. ஆபீஸ் பாஷையிலும் நல்ல வசனம் எழுத முடியும் என்பதற்கு இது அத்தாட்சி. ஆனால் தேதிகள் ஒரு நாள் பிசகியிருக்கின்றன. மூன்று வாரத்துக்குள்ளேயே ஞாபகம் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது, அந்த இரவிலேயே பதிவான பேச்சு. சுமார் 18 நிமிஷம் ஓடுகிறது. என் மதிப்பில் மூன்றிலும் சிறந்தது இதுதான். பள்ளங்களை அளந்துகொண்டு நிதானமாகப் பேசிவந்தவர்கள், மரங்களுக்கிடையே ஒரு வெளிச்சத்தைக் கண்டதும் குரல் மாறுகிறார்கள். அதோ, மறுபடியும் என்கிறார்கள். இந்தக் குரல் மாற்றத்தை எழுத்தில் கொண்டுவர ஒரு நல்ல நாவலாசிரியன் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பதிவைக் காதால் மட்டும் கேட்காமல் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு கேட்டவர் இயன் ரிட்பாத் என்ற வானியல் எழுத்தாளர். அந்த 'மறுபடியும்'களுக்கு இடையே உள்ள நேரம் ஐந்து விநாடி. காட்டுக்குக் கிழக்கே கடற்கரையில் இருந்த ஆர்ஃபோர்டுநெஸ் கலங்கரை விளக்கம் சுழன்று ஒளிவிட்ட நேரமும் ஐந்து விநாடிதான். முதல் நாள் விடியற்காலை தெற்கு இங்கிலாந்து வானத்தில் ஒரு பெரிய எரிகல் பாய்ந்ததைப் பலர் கண்டிருக்கிறார்கள். பள்ளங்கள் முயல் தோண்டியவை. மணிக்கணக்கில் நின்ற ஒளிகள் நட்சத்திரங்களேதான் என்பது ரிட்பாத்தின் கட்சி. ஹால்ட் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கலங்கரை விளக்கம் தனியாகத் தெரிந்தது, தாம் கண்டது வேறு என்பது அவர் கட்சி. எனக்கு ரிட்பாத்தின் பக்கமே நியாயம் அதிகம் என்று படுகிறது.

உடனே அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். அது அநியாயம் என்று நினைக்கிறேன். இவர்கள் அரண்டு ஓடியவர்கள் அல்ல; வெளிச்சத்தை நோக்கி நடந்தவர்கள். அளந்தார்கள், குறித்துக்கொண்டார்கள், மேலிடத்துக்கு எழுதினார்கள். யோக்கியமான மனிதன், பழகிய கண்ணோடு, கையில் கருவியோடு போயும் ஏமாறக்கூடும் என்பது பொய்யன் ஒருவன் அகப்பட்டுக்கொள்ளும் கதையைவிட எவ்வளவோ பெரிய விஷயம். பறக்கும் தட்டு வந்து இறங்கியது என்பதைவிடவும் பெரிய விஷயம்.

மூன்றாவது உருவம் இந்தப் பெரிய விஷயத்தைத்தான் கெடுத்துவிடுகிறது. 1983-ல் அந்தக் குறிப்பு வெளியாகிப் பத்திரிகையின் முதல் பக்கத்துக்கு வந்த பிறகு, கதை வளர்ந்துகொண்டே போயிற்று. காட்டுக்குள் சென்ற வீரர்களில் ஒருவர், அந்த விமானத்தைத் தாம் தொட்டதாகவும், அதில் சித்திர எழுத்துக்கள் இருந்ததாகவும் சொன்னார். முப்பது வருஷம் கழித்து, 2010-ல், பூஜ்யமும் ஒன்றுமாக ஒரு செய்தியே தம் மனத்தில் இறங்கியது என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. எழுத்தாளன் என்ற முறையில் சொல்கிறேன்: விவரம் கூடக்கூட அந்த இரவு குறைந்துகொண்டே வருகிறது. முதல் குறிப்பில் இருந்த திகைப்பு போய், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் மட்டமான மர்மக் கதை மிஞ்சுகிறது. நம்முடைய தொடர்கதைகள் பலவற்றுக்கும் நேர்கிற கதி இதுதான்.

ஆர்ஃபோர்டுநெஸ் விளக்கம் 2013-ல் அணைக்கப்பட்டது. கடல் அரித்துக்கொண்டு வந்ததால் 2020-ல் இடித்துவிட்டார்கள். காட்டில் மட்டும் வனத்துறையார் பறக்கும் தட்டுப் பாதை ஒன்று போட்டு, ஒரு விமானத்தின் உருவத்தையும் வைத்திருக்கிறார்கள். இருந்தது போய்விட்டது; இல்லாதது நிற்கிறது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கதைகளின் சுபாவமே அப்படி. ஆனால் எழுத விரும்பும் இளைஞர்கள் இந்த விஷயத்தைப் பற்றி வந்த புஸ்தகங்களைப் படிப்பதற்கு முன், அந்த 18 நிமிஷப் பேச்சை ஒருமுறை கேட்க வேண்டும். தெரியாததைத் தெரியாததாகவே சொல்லும் குரல் எப்படியிருக்கும் என்று அதில் தெரிந்துகொள்ளலாம்.