கண்டன்சேட்: பம்ப் கடைசிக் கேள்வி

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் கண்டன்சேட் (நீராவி குளிர்ந்த நீர்) பேச்சை எடுத்தால், "எந்த பம்ப் வாங்கலாம்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதைக் கடைசியில் கேட்பதே சரி. அழுத்தம் அடிமட்டத்துக்கு இறங்கும் நேரத்தில் ஸ்டீம் ட்ராப்பின் (அந்த நீரை மட்டும் வெளியே விடும் வால்வு) வாயில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

7 பார் நீராவி குளிர்ந்து நீரானபின் மொத்த வெப்பத்தில் கால் பங்குக்கு மேல் அந்த நீரிலேயே தங்கியிருக்கும். 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டு, சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்றான பிறகு, கண்டன்சேட்டைச் சாக்கடையில் விட்டால் இரட்டைச் செலவு. அதே நீர் சுத்திகரிப்புக்குப் போகும், ஆர்.ஓ. ஒதுக்கிய மிச்சம் எவாப்பரேட்டரில் மறுபடி நீராவி தின்னும்.

அதைப் பாய்லருக்குத் திருப்பச் செலவில்லாத வழி, ட்ராப்புக்குப் பின் குழாயை மேலே ஏற்றிவிட்டு, நீராவி அழுத்தமே தள்ளட்டும் என்று விடுவது. 5 மீட்டர் ஏற்றத்துக்கு அரை பார் போதும். ஹெடர் கேஜோ 6, 7 என்று காட்டும். எப்போதும் ஒரே அழுத்தத்தில் ஓடும் சிலிண்டர் ட்ரையருக்கு இந்தக் கணக்கு பலிக்கும். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் பலிக்காது. பருத்தித் துணியை 60 டிகிரியில் நிறுத்திச் சாயமேற்றும்போது கன்ட்ரோல் வால்வு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் அழுத்தம் வளிமண்டலத்துக்கும் கீழே போகும். நீர் ஏறாமல் உள்ளேயே தேங்கும். வால்வு சட்டென்று திறந்தால் குழாய் டம் டம் என்று அதிரும். ஆபரேட்டர் ட்ரெயின் வால்வைக் கால் சுற்றுத் திறந்து வைத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. குழாய் போட்டவரின் பிழைக்கு அவர் தனக்குத் தெரிந்த வைத்தியம் பார்க்கிறார்.

மின் பம்ப் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் நீர் கொதிநிலையை நெருங்கினால் இம்பெல்லர் வாயிலேயே குமிழியாகி, ஜல்லியை அரைப்பதுபோல் இரையும். தொட்டியை நல்ல உயரத்தில் வைத்தால் தப்பலாம். இடம் இல்லாதவர்கள் நீரை ஆறவிட்டுத் தள்ளுகிறார்கள். அப்புறம் மீட்டது என்ன?

நீராவியாலேயே இயங்கும் பம்ப்பில் மோட்டாரும் இல்லை, சீலும் இல்லை. மிதவை உயர்ந்ததும் நீராவி உள்ளே புகுந்து கொதிநீரை ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். என் ஓட்டு இதற்குத்தான், சில நிபந்தனைகளோடு. நீர் தானாகவே சரிந்து பம்ப்புக்குள் இறங்க வேண்டும். எக்ஸ்சேஞ்சரில் வேக்கம் பிரேக்கர் வேண்டும். மெஷின்கள் தரையோடு ஒட்டி நிற்பதால் பள்ளம் வெட்டியாக வேண்டும். தரை கழுவிய நீரெல்லாம் அந்தப் பள்ளத்துக்குத்தான் வரும். அதில் இறங்கி ஸ்பிரிங்கையும் செக் வால்வையும் பார்க்க யாருக்கும் ஆசை இருக்காது.

எந்த வழியானாலும் ஒரு பயம் உண்டு. நீராவி அழுத்தம் விழும் அதே நேரத்தில், ட்யூபில் ஊசித் துளை இருந்தாலும் சாய நீர் கண்டன்சேட்டுக்குள் புகுந்து பாய்லர்வரை போகும். கண்ணாடிக் குவளையில் பிடித்து நிறம் பார்ப்பது வழக்கம். வெளிர் நிறம் கண்ணுக்குத் தப்பும். சாயத்தோடு போட்ட கிளாபர் உப்பு கண்டக்டிவிட்டி மீட்டருக்குத் தப்பாது. பம்ப்புக்கு ஒதுக்கிய பணத்தில் அந்த மீட்டரையும், அது காட்டியதும் நீரை வேறு பக்கம் திருப்பும் வால்வையும்தான் நான் முதலில் வாங்குவேன்.