கீமோ மீது விழும் பழி

"கீமோ ஏத்துனா கிட்னி போயிடும்." இடையஞ்சாவடியிலிருந்து மரக்காணம் உப்பளம் வரை, ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த வீட்டில் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் புறப்படும் முன்பே நோயாளியை இது பாதி வீழ்த்திவிடுகிறது. இதில் எவ்வளவு உண்மை?

பயம் பொய்யல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் அமெரிக்காவில் வழிநடத்திய ஆய்வுக்குழுவிலிருந்து வந்த மருந்து மெத்தோட்ரெக்சேட். லிம்போமாவுக்கும் சில வகை லுக்கீமியாவுக்கும் அதை உயர் அளவில் கொடுக்கிறார்கள். பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். சிறுநீரில் அமிலத்தன்மை கூடினால் மருந்து கரையாமல் படிகமாகி நுண்குழல்களை அடைக்கிறது. அடைபட்ட சிறுநீரகத்தால் மருந்தை வெளியேற்ற முடியாது. ரத்தத்திலேயே தங்கும் மருந்து எலும்பு மஜ்ஜையை ஒடுக்கி, வாயைப் புண்ணாக்குகிறது. இதைத் தடுக்கத்தான் நிறைய திரவமும் சோடியம் பைகார்பனேட்டும் ஏற்றி, நச்சைத் தணிக்கும் லியூகோவோரின் கொடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்க்கிறார்கள்.

அந்த அளவைப் பார்க்கும் வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, கூடுதல் நேரம் திரவம் ஏற்றி, கூடுதலாக லியூகோவோரின் கொடுத்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை நெருக்கமாகக் கவனித்தால், அந்த வசதி இல்லாமலேயே குழந்தைகளுக்கு இம்மருந்தைப் பாதுகாப்பாகத் தரலாம் என்று காட்டியது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அதை வைத்து அந்தப் பரிசோதனையே தேவையில்லை என்று வாதிடுவது தவறு. ஒரு பெரிய மருத்துவமனையின் கண்காணிப்பில் குழந்தைகளுக்குப் பொருந்தியதை, அறுபது வயது உப்பளத் தொழிலாளியின் மேல் அப்படியே ஏற்ற முடியாது.

தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்த குழு ஒன்று, சுமார் 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரக வடிகட்டும் திறன் குறைந்திருந்ததைக் கண்டது. வெயில், வியர்வை, போதாத தண்ணீர். ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தாகத்தையே அடக்கிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட உடலில் கிரியேட்டினின் எண்ணும் ஏமாற்றும். அது தசையிலிருந்து வருவது. சதை வற்றியவருக்குச் சிறுநீரகம் தளர்ந்த பிறகும் எண் 'நார்மல்' என்றே வரலாம். கீமோவுக்குப் பின் தெரியவரும் பழுதில் எவ்வளவு முன்பே இருந்தது என்று கேட்காமல் மருந்தைக் குற்றவாளியாக்குவது சரியான விசாரணை ஆகாது.

மல்டிபிள் மயலோமா என்ற ரத்தப் புற்றுநோயிலோ குற்றச்சாட்டே தலைகீழ். அங்கே புற்றணுக்கள் சுரக்கும் புரதமே சிறுநீரக நுண்குழல்களை அடைக்கிறது. போர்டிசோமிப் மருந்து சேர்ந்த சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்கினால் பலருக்குச் சிறுநீரகம் தேறுகிறது. டயாலிசிஸிலிருந்து விடுபட்டவர்களும் உண்டு. பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் அங்கே கிட்னியைக் கொல்கிறது. நோய் பிடிபடும் முன் எலும்பு வலிக்கென்று மெடிக்கலில் மாதக்கணக்கில் வாங்கி விழுங்கிய, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. என் பார்வையில் முதலில் ஏற வேண்டியது அதுதான்.

இன்னொரு ஆபத்து, மருந்து நன்றாக வேலை செய்வதாலேயே வருவது. புற்றணுக்கள் மொத்தமாகச் சாகும்போது யூரிக் அமிலமும் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ரத்தத்தில் கொட்டி, சிறுநீரகத்தைத் திணறடிக்கின்றன. முதல் சில நாட்களே கண்டம். அல்லோபுரினால், ராஸ்புரிகேஸ், திரவம், அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்று அதற்குக் காப்பு இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: கீமோ சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது, ஆனால் சிகிச்சையை மறுக்க அது காரணமாகாது. பெரும்பாலான சேதம் முன்கூட்டியே கணிக்கவும் தடுக்கவும் கூடியது. அதைத் தடுக்கும் பொறுப்பு நோயாளியின் தலைவிதியிடம் இல்லை, மருத்துவமனையிடமும் அரசிடமும் இருக்கிறது. புற்றுநோய்க்கு உயர் அளவு மெத்தோட்ரெக்சேட் தரும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் மருந்தளவுப் பரிசோதனை வேண்டும். உப்பளத்து ஆட்களுக்கு ஆண்டுக்கொரு முறை சிறுநீரகப் பரிசோதனை வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கீமோ தொடங்கப்போகிறது என்றால், இதுவரை விழுங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்.