வளைய இடுக்கியும் ஏரியூர் ஆண்களும்

விந்துக்குழாய் எளிதில் பிடிகொடுக்காது. விதைப்பைத் தோலுக்கடியில் விரலால் உருட்டினால் நனைந்த சணல் கயிறு போலத் தட்டுப்படும். கொஞ்சம் அழுத்தினால் வழுக்கி விலகிவிடும். குழாயின் தடிமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஆண்களுக்கான கருத்தடை அறுவையான வாசக்டமியின் பழைய முறையில் கத்தி தேவைப்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம். தோலைக் கீறி, உள்ளே குழாயைத் தேடிப் பிடித்து, வெளியே இழுத்து, ஒரு துண்டை வெட்டி எடுத்து, கட்டி, தோலுக்குத் தையல் போட்டார்கள். தேடும்போது சின்னச் சின்ன ரத்தநாளங்கள் அறுபடும். இரவில் வீங்குவது, ரத்தம் கட்டுவது, சீழ் வைப்பது என்று தொல்லைகள் வந்ததில் பெரும்பங்கு இந்தத் தேடலால் வந்தது.

சீனாவின் சோங்சிங் நகரில் மருத்துவர் லி ஷுன்சியாங் 1974இல் இதை மாற்றினார். அவர் கொண்டுவந்தவை இரண்டே கருவிகள். ஒன்றின் நுனியில் வளையம் இருக்கும். விட்டம் மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர், அதாவது குழாயைச் சுற்றி நிற்கும் அளவு. மற்றொன்று, கூராகத் தீட்டிய வளைந்த நுனி கொண்ட இடுக்கி. மருத்துவர் இடது கையின் மூன்று விரல்களால் குழாயைத் தோலின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்துகிறார். மரத்துப்போக ஊசி போட்டபின், வளையத்தைத் தோலோடு சேர்த்துக் குழாயின் மேல் பூட்டுகிறார். குழாய் இனி நகராது, நசுங்காது, கையும் விடுபட்டுவிடும். கூர் இடுக்கியின் ஒரு முனையால் தோலைக் குத்தி, பிறகு இரு முனைகளையும் நுழைத்து மெல்ல விரித்தால் திசு கிழியாமல் விலகும், ரத்தநாளங்கள் ஒதுங்கிக்கொள்ளும். குழாயின் ஒரு வளைவை வெளியே தூக்கி, வளையத்தை இப்போது வெறும் குழாயின் மேல் மறுபடி பூட்டி, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி எடுக்கிறார். மறுபக்கத்துக் குழாய்க்கும் அதே துளை போதும். தையல் கிடையாது.

நம் சுகாதாரத் துறை ‘நவீன வாசக்டமி’ என்றும் ‘என்.எஸ்.வி.’ என்றும் சொல்வது இதைத்தான். இதன் மருத்துவப் பலத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. 1987 டிசம்பரில் தாய்லாந்து மன்னரின் பிறந்தநாளையொட்டி பாங்காக்கில் நடந்த முகாமில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அறுவை நடந்தது. சிலருக்குப் பழைய முறை, சிலருக்குப் புதிய முறை. பழைய முறையில் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சிக்கல் வந்தது. புதிய முறையில் இருநூறு பேருக்கு ஒருவர் என்ற அளவைவிடவும் குறைவு. ரத்தக்கசிவு, தொற்று, வலி மூன்றுமே குறைவு, நேரமும் குறைவு என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் உறுதி செய்தன. இந்தியாவில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர், டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் ஆர்.சி.எம். காசா.

குறை எங்கே இருக்கிறது? முதலில், கருவி தானாக எதையும் பிடித்துவிடாது. மூன்று விரல்கள் குழாயைச் சரியான இடத்தில் நிறுத்தாவிட்டால் வளையம் பாதித் தோலையும் பாதிக் குழாயையும் கவ்வும். தோல் தடித்தவர்களிடமும், முன்பு அந்த இடத்தில் அறுவை நடந்தவர்களிடமும், விரைவீக்கம் உள்ளவர்களிடமும் பழகிய கைகூடத் தடுமாறும். இந்தப் பழக்கம் புத்தகத்தால் வராது. பயிற்சி முடித்த மருத்துவர் தொடர்ந்து செய்துகொண்டே இருந்தால்தான் விரல்கள் மறக்காமல் இருக்கும். ஆண்கள் வராத ஊரில் அவருக்குச் செய்ய ஆள் இல்லை. கை பழகாத மருத்துவரிடம் போக ஆண்களுக்குத் துணிவில்லை. கருவி அலமாரியில் கிடக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. வளையம் குழாயை அழகாகப் பிடித்துக் கொடுக்கும். அதன் பிறகு குழாயின் இரு முனைகளையும் என்ன செய்கிறோம் என்பது வேறு கதை. வெறுமனே கட்டி வெட்டுவதா, அல்லது ஒரு முனையைச் சுற்றியுள்ள உறையை இழுத்து இரு முனைகளுக்கும் நடுவே தடுப்பாக வைத்துக் கட்டுவதா? ஏழு நாடுகளில் 826 ஆண்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், தடுப்பு வைக்காதவர்களில் 12.7 சதவீதத்தினருக்கும், வைத்தவர்களில் 5.9 சதவீதத்தினருக்கும் விந்துப் பரிசோதனையில் தோல்வி தெரிந்தது. அந்த உறைக்கட்டுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும். முகாமின் அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான். ‘கத்தியில்லை, தையலில்லை, பத்தே நிமிடம்’ என்று வேகத்தையே பெருமையாக விளம்பரம் செய்யும்போது, அந்தச் சில நிமிடங்களை நாமே பிடுங்கிக்கொள்கிறோம்.

இனி ஏரியூர். தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம், மேட்டூர் அணையின் நீர் பின்தேங்கி நிற்கும் நாகமரை வரை விரிந்த வறண்ட நிலம். கேழ்வரகும் எள்ளும் நிலக்கடலையும் மழையை நம்பி விளையும். மழை ஏமாற்றினால் ஆண்கள் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ கேரளத்துக்கோ கட்டட வேலைக்கும் கூலி வேலைக்கும் போவார்கள். இரண்டு பிள்ளை போதும் என்று குடும்பம் முடிவெடுத்ததும் ‘ஆபரேஷன்’ யாருக்கு என்று இங்கே யாரும் கேட்பதில்லை. பிரசவத்துக்குப் போன இடத்திலேயே பெண்ணுக்குச் செய்துவிடுகிறார்கள். நாடு முழுக்க நிலைமை இதுதான். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, திருமணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். பெண்களின் அறுவைக்கு முன்னணியில் நிற்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

பெண்ணுக்கு நடக்கும் அறுவையிலும் ஒரு பிடிகருவி உண்டு. வயிற்றைக் கீறி, உள்ளுறையைத் திறந்து, கருக்குழாயை பாப்காக் இடுக்கியால் வளைவாகத் தூக்கி, அடியில் கட்டி, வளைவை வெட்டுவார்கள். நசுக்காமல் பிடிப்பது என்ற கொள்கை இரண்டுக்கும் பொது. செய்யும் வேலையும் ஒன்றுதான்: ஒரு குழாயில் ஒரு துண்டை எடுப்பது. ஆனால் ஒன்று தோலுக்கு அடியிலேயே முடிகிறது. மற்றது வயிற்றுக் குழிக்குள் இறங்குகிறது, குடலுக்கும் ரத்தக்குழாய்களுக்கும் பக்கத்தில். மயக்க மருந்தின் ஆபத்தும் கூடுதல். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு ரத்தசோகை இருக்கும்போது, எளிய வழியை விட்டுவிட்டுக் கடின வழியை அவர்கள் உடம்பில் ஏற்றுவதை மருத்துவக் காரணம் காட்டி நியாயப்படுத்த முடியாது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்ததும், பதின்மூன்று பெண்கள் இறந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தும்படி 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆண்கள் வராததற்கு ‘பலம் போயிடும், பாரம் தூக்க முடியாது’ என்ற பயத்தை மட்டும் காரணம் காட்டுவது அநியாயம். 1950களின் இறுதியில் ஏழைகளுக்கு முப்பது ரூபாய் கொடுத்து அறுவையை ஊக்குவித்த முதல் மாநிலங்களில் சென்னை மாநிலம் ஒன்று. அப்போது ஆண்கள் வந்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை நடந்தது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆண்கள். வட இந்தியாவில் இலக்குக்காக ஆட்களை வளைத்துப் பிடித்த அந்தக் கொடுமைக்குப் பிறகு அரசியல்வாதிகள் ஆண்களைப் பற்றிப் பேசவே பயந்தார்கள். சுமை சத்தமில்லாமல் பெண்கள் பக்கம் நகர்ந்தது. ஆகவே நவீன வாசக்டமியை ஆதரிப்பவர்களுக்கு ஒரு கடமை கூடுதலாக உண்டு: எண்ணிக்கை இலக்கு எந்த வடிவத்தில் வந்தாலும் எதிர்க்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் தலையில் ‘இத்தனை ஆண்கள்’ என்று கட்டினால், குடிகாரரும் மணமாகாதவரும் கிழவரும்தான் கொண்டுவரப்படுவார்கள். ஊக்கத்தொகையையும் நான் அவ்வளவாக நம்பவில்லை. ஆணுக்கு 1,100, பெண்ணுக்கு 600 என்ற கணக்கு பணமுடை உள்ளவரை மேசைக்கு அழைத்துவரலாம். ஆனால் திரும்பச் சேர்ப்பது கடினமான ஓர் அறுவைக்கு அது சரியான காரணம் ஆகாது.

நடைமுறையில் மிகப் பெரிய ஓட்டை அறுவைக்குப் பின்னால்தான் இருக்கிறது. குழாயை வெட்டிய அன்றே கருத்தடை வந்துவிடாது. மேலே தங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேற வேண்டும். மூன்று மாதம் வேறு பாதுகாப்பு, அதன்பின் விந்துப் பரிசோதனை, அதில் அணுக்கள் இல்லை என்று தெரிந்தபிறகே நிம்மதி. பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்பவர் இந்தப் பரிசோதனைக்காகக் கூலியை விட்டுவிட்டு பென்னாகரத்துக்கு வருவாரா? வரமாட்டார். பிறகு மனைவி கருவுற்றால் பழி முதலில் அவள் நடத்தையின் மேல் விழும். ஒரு வீட்டில் அப்படி நடந்தால் ஊரில் அடுத்த பத்து ஆண்களும் பின்வாங்குவார்கள். பரிசோதனை செய்யாத வாசக்டமி பாதி அறுவைதான். அதையும் எண்ணிக்கையில் சேர்ப்பது குடும்பத்துக்குச் செய்யும் துரோகம்.

ஆண்டுதோறும் வாசக்டமி இருவார விழா நவம்பர் 21இல் தொடங்கி டிசம்பர் 4இல் முடிகிறது. தேதி டெல்லியில் குறித்தது. ஏரியூர்ப் பக்கம் தீபாவளிக்கு வந்தவர்கள் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள், பொங்கலுக்கு இன்னும் வந்திருக்க மாட்டார்கள். யாரும் இல்லாத நாட்களில் பேனர் கட்டுகிறோம். பொங்கலை ஒட்டி வைத்தால் கணக்கு வேறாகும். அறுவைக்குப் பின் இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருக்க வேண்டும். பொங்கல் விடுமுறையில் அது அடங்கும். தை முதல் நாளிலிருந்து சித்திரை முதல் நாள் சரியாக மூன்று மாதம். சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்கு வருபவர் அப்படியே பரிசோதனையையும் முடித்துக்கொள்ளலாம். பென்னாகரம் அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நிலையான நாள், அதே மருத்துவர், உறைக்கட்டைத் தவறவிடாத நிதானம், சித்திரையில் வீடு வீடாக ஒரு நினைவூட்டல், அணுக்கள் இல்லை என்று கையெழுத்திட்ட சீட்டு கணவன் மனைவி இருவர் கையிலும். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.