காஞ்சனா: இரண்டாம் பாகத்தை எதைக்கொண்டு அளப்பது?

ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்து 2011 ஜூலையில் வெளிவந்த ‘காஞ்சனா’, 2007இல் வந்த ‘முனி’யின் இரண்டாம் பாகம். கதை தொடரவில்லை; அமைப்பு மட்டுமே தொடர்கிறது. பொழுது சாய்ந்தால் பேய்க்குப் பயந்து அம்மாவை ஒட்டிக்கொள்ளும் இளைஞன், அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் ஆவி, அந்த உடலில் புகுந்து பழிதீர்த்தல். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை அச்சும் திரும்பத் திரும்ப வார்த்தால் மூக்கும் முழியும் மழுங்கிவிடும். இந்தப் படத்தில் அப்படி நேரவில்லை.

காரணம், பேயின் வழக்கு வலுவானது. முனி (ராஜ்கிரண்) அரசியல்வாதியை நம்பி ஏமாந்த ஏழை. காஞ்சனா (சரத்குமார்) பெற்றோரால் துரத்தப்பட்ட திருநங்கை. அடைக்கலம் தந்தவர் ஓர் இசுலாமியர். தனக்குக் கிடைக்காத படிப்பை இன்னொரு திருநங்கைக்குக் கொடுத்து மருத்துவம் படிக்க வைக்கிறார் காஞ்சனா. மருத்துவமனைக்காக வாங்கிய நிலத்தைச் சட்டமன்ற உறுப்பினர் அபகரிக்கிறார். தட்டிக்கேட்ட காஞ்சனா, அடைக்கலம் தந்தவர், அவருடைய மனவளர்ச்சி குன்றிய மகன் ஆகிய மூவரும் கொன்று புதைக்கப்படுகிறார்கள். அந்த இடத்தில் கிரிக்கெட் ஆடப்போனவனின் ஸ்டம்பில் ஒட்டிய மண்ணோடு பேய் வீட்டுக்கு வருகிறது. பழையனூர் நீலி கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல.

குறையும் இங்கேதான். நாயகன் உடலில் காஞ்சனா புகுந்ததும் சேலை, வளையல், நடை எல்லாமே சிரிப்புக்குப் பயன்படுகின்றன. எந்த நளினத்தைக் காட்டி முன்பாதி சிரிக்க வைத்ததோ, அதற்காகவே பின்பாதி அழச் சொல்கிறது. இந்த முரணைப் படம் கவனித்ததாகவே தெரியவில்லை. திருநங்கையர் நலவாரியம் 2008இலேயே அமைந்த மாநிலத்தில் இது சிறிய பிழையல்ல. பிளவை ஓரளவு மூடுவது சரத்குமார். அகன்ற தோளும் கனத்த குரலுமாக, கேலி கலக்காமல் நடித்திருக்கிறார். திரையில் இருப்பதோ கொஞ்ச நேரம்தான்.

அடுத்த பாகங்கள் பிசகியது வேறிடத்தில். முதல் இரு படங்களிலும் நாயகனுக்குள் புகுந்தவர் அவனைப்போல் இல்லாத வேறொருவர். கிழவரோ திருநங்கையோ அவன் வாயால் பேசும்போது, அவன் அறியாத வாழ்க்கை ஒன்று உள்ளே வந்தது. 2015இன் ‘காஞ்சனா 2’இல் இறந்தவரான மொட்ட சிவாவும் லாரன்ஸே; 2019இன் மூன்றாம் பாகத்தில் காளியும் அவரே. நித்யா மேனனின் கங்கா, கால் ஊனமுற்ற பெண்ணாக, தனிப்படத்துக்கே தாங்கும் பாத்திரம். ஆனால் சிவாவின் வீரம் அவரை ஓரங்கட்டுகிறது. நாயகனே நாயகனுக்குள் புகுந்தால் பேய் எதற்கு, சண்டைப்படமே போதுமே.

2020இல் லாரன்ஸ் முதல் கதையை இந்தியில் ‘லட்சுமி’யாக எடுத்தார். அங்கும் திருநங்கை வேடம் ஓர் ஆண் நடிகருக்கே போயிற்று.