மலையைக் கண்டோர் எழுதியவை

கோடை விடுமுறை கழிந்த சில மாதங்களுக்குள் பங்கு மலர்களிலும் சிற்றிதழ்களிலும் மலைப்பயணக் கட்டுரைகள் பெருகுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவை உதகமண்டலத்தைப் பற்றியவை. காந்தல் குருசடிக்குத் திருப்பயணம் செல்லும் பேருந்து அப்படியே மலைக்காட்சிகளுக்கும் திரும்புவதால் இது இயல்பே. ஆனால் ஒன்றைப் படித்தவர் மற்ற ஒன்பதையும் படித்தவராகிவிடுகிறார். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகள், முகத்தில் மோதும் பனி, தாவரவியல் பூங்கா, ஏரியில் படகு, வாங்கி வந்த வர்க்கி, இறுதியில் படைத்தவனின் கைவண்ணத்தை எண்ணி ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சு மெய்யானதே. அதில் நாம் குறை காணவில்லை. பத்துப் பக்கங்களில் அந்த மலையில் வாழும் ஒருவர்கூட வாய் திறந்து பேசவில்லையே என்பதே நம் குறை.

நம் இலக்கண மரபு இதை ஏற்றிருக்காது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்ததோடு நின்றுவிடவில்லை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருளையும் அடுக்கினார். அவ்வரிசையில் தெய்வத்தை அடுத்து உடனே நிற்பது உணவு. மலைமக்கள் எதை உண்கிறார்கள், எத்தொழில் செய்கிறார்கள், எந்தப் பறையை முழக்குகிறார்கள் என்று அறியாமல் குறிஞ்சியைப் பாட முடியாது என்பதே அதன் பொருள். இன்றைய பயணக் கட்டுரையாளர் முதற்பொருளோடு திரும்பிவிடுகிறார். கருப்பொருளில் அவர் கைக்கு எட்டுவது கடைத்தெருவில் விற்பது மட்டுமே.

நீலமலையைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் மிகப் பழையது, கத்தோலிக்கராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு மடல். இயேசு சபைக் குரு ஜாக்கோமோ பெனீசியோ 1603இல் மலையாளக் கரையிலிருந்து அந்த மலைமேல் ஏறினார். அங்கே பழைய கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்ற செய்தியே அவரை ஏறச் செய்தது. தேடியவர்களை அவர் காணவில்லை. தோதவரையும் படகரையும் கண்டார். கோழிக்கோடு திரும்பி எழுதிய மடலில், நாம் எண்ணிச் சென்றது அங்கில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அங்கிருந்த எருமைகளையும், எருமைப் பாலைப் புனிதமாகப் பேணும் பூசகரையும், அம்மக்களின் திருமண வழக்கத்தையும் எழுதினார். மறைபரப்பாளரின் அளவுகோல் அம்மடலில் இருக்கவே செய்கிறது. எருமைக்கு அம்மக்கள் செலுத்திய வணக்கத்தின் உட்பொருளை அவர் கண்டுகொண்டதாகச் சொல்ல முடியாது. ஆயினும் அவர் மனிதரிடம் கேள்வி கேட்டார், விடையை எழுதினார். ஆய்வாளர் ரிவர்ஸ் 1906இல் தோதவரைப் பற்றிய தம் பெருநூலின் பின்னிணைப்பில் அம்மடலைச் சேர்த்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஏமாற்றத்தோடு இறங்கி வந்த ஒருவரின் மடல், மகிழ்ச்சியோடு இறங்கி வந்த நம் கட்டுரைகளைவிடச் செறிவாக இருப்பது எண்ணத்தக்கது.

தமிழில் நாம் முதலிற் குறிப்பிட வேண்டியது ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’. அவர் அம்மலைக்குப் பிறந்தவர் அல்லர். கணவரின் மின்துறைப் பணியை ஒட்டி அங்கு வாழ நேர்ந்தவர். படகர் வாழ்வை அருகிருந்து பார்த்து நாவலாக்கினார். அதன் காலக்கணக்கு நாட்காட்டியில் இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியைக் கொண்டே தலைமுறைகள் எண்ணப்படுகின்றன. இரண்டு பூப்புகளுக்கு இடையே சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலத்திற்குப் பணப்பயிர் வருகிறது, பணம் வருகிறது, குந்தா நீர்மின் திட்டம் வருகிறது, உடன்பிறந்தாரின் உறவு மாறுகிறது. விரித்துரைக்கும் ஆர்வத்தில் சில இடங்களில் ஆசிரியை வழக்கங்களைப் பட்டியலாக்கிவிடுகிறார் என்பது நம் கருத்து. அப்போது கதைமாந்தர் சற்று ஒதுங்கி நிற்கின்றனர். என்றாலும் மாற்றத்தைச் சாபம் என்றோ வரம் என்றோ எளிதாகத் தீர்ப்பிடாமல், அதைத் தாங்கும் மனிதரின் முகத்தைக் காட்டியதே இந்நாவலின் வலிமை.

இவ்விரண்டையும் படித்தபின் மலர்களின் கட்டுரைகளுக்குத் திரும்பினால் ‘இயற்கை’ என்ற சொல்லே தடுக்கிவிடுகிறது. கட்டுரையாளர்கள் உருகி வர்ணிக்கும் யூகலிப்டஸ், பைன் தோப்புகள் அந்நிய மரங்கள். வெள்ளையர் ஆட்சியில் வந்து சேர்ந்தவை. சீகை மரமும் அவ்வாறே. பள்ளத்தாக்கில் சோலையும் மேட்டில் புல்வெளியும் என்பதே அம்மலையின் சொந்த அமைப்பு. (சோலை என்னும் நம் சொல்லை உலகத் தாவர அறிஞர்கள் அப்படியே எடுத்துக்கொண்டனர், நாமோ அவ்விடத்தில் ‘அடர்ந்த காடு’ என்று எழுதுகிறோம்.) புல்வெளியைப் பயனற்ற தரிசு என்று கருதி மரம் நட்டார்கள். தோதவரின் எருமைக்கு மேய்ச்சல் குறைந்தது. அவர்களுடைய வளைகூரைக் கோயிலை வேயும் புல்லும் அருகியது. இதை அறியாதவர் பைன் தோப்பின் நிழலில் நின்று படைப்பின் தொன்மையை வியந்து எழுதும்போது, அவ்வியப்பு தவறான முகவரிக்குப் போய்ச் சேர்கிறது.

2024 மே முதல், உயர்நீதிமன்ற ஆணைப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகள் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெற்றே ஏற வேண்டும் என்றாயிற்று. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றுவிட்டது. அதன்பின் வந்த கட்டுரைகளிலும் அச்சீட்டு ஓர் இடையூறாகவே இடம்பெறுகிறது. அது ஏன் வந்தது என்று கேட்பாரில்லை.

விதிவிலக்காக ஒரு கட்டுரையை மட்டும் சொல்லலாம். ஒரு பங்கின் வெள்ளிவிழா மலரில் ஒரு மறைக்கல்வி ஆசிரியர் எழுதியது. கோத்தகிரிப் பக்கம் ஒரு படகர் வீட்டில் இரண்டு இரவு தங்கியிருக்கிறார். கேழ்வரகுக் களியை அவரை, உருளைக்கிழங்குக் குழம்போடு அவருக்கு இட்டிருக்கிறார்கள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அவ்வீட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே கற்றுக்கொடுத்ததை எழுதுகிறார். இந்தக் கேழ்வரகு உங்கள் நிலத்தில் விளைந்ததா என்று கேட்கிறார். நிலம் முழுதும் தேயிலை; கேழ்வரகு கடையில் வாங்கியது என்கிறார் பாட்டி. பிறகு பச்சைத் தேயிலை கிலோ என்ன விலைக்குப் போகிறது, பறிகூலி போக என்ன மிஞ்சுகிறது என்று அவ்வீட்டு மகனிடம் கேட்டு, அக்கணக்கையும் எழுதியிருக்கிறார். ஏரியும் பூங்காவும் அக்கட்டுரையில் இல்லை. நடை சற்றுக் கரடுமுரடானது. இரண்டு இடங்களில் எழுவாய்க்குப் பயனிலை பொருந்தவில்லை. மலரின் கடைசிப் பக்கங்களில், நன்கொடையாளர் பட்டியலுக்கு முன்னால், அதற்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருந்தார்கள்.