மூச்சு வாங்காத பாடகர்கள்

பியானோவுக்கு ஒரு சிறு துண்டு எழுதியவர் அதைத் தானே வாசித்துப் பார்த்துவிடலாம். நான்கு குரல்களுக்கு எழுதியவருக்கு அந்த வசதி கிடையாது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு பேராவது வேண்டும். அவர்களுக்கு நொட்டேஷன் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரியாத ஒருவரின் இசைக்காக இரண்டு மாலைகளைச் செலவிட மனமும் வேண்டும். தேவாலயத்திலோ இசைக் கல்லூரியிலோ பொறுப்பில் இல்லாத ஒருவருக்கு இவையெல்லாம் ஒருசேர வாய்ப்பது அரிது. பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இரவில் சேர்ந்திசை எழுதுபவரின் தாள்கள், ஒருமுறைகூட ஒலிக்காமல் அலமாரியிலேயே கிடப்பதுதான் நெடுங்காலமாக வழக்கம்.

அந்த நிலையை நொட்டேஷன் மென்பொருள் மாற்றியது. 1988-இல் ஃபினாலேயும் 1993-இல் சிபேலியஸும் வந்தபோது அவை காசு கொடுத்து வாங்கக்கூடியவர்களுக்கு மட்டுமே எட்டின. 2002-இல் வெர்னர் ஷ்வீர் தொடங்கிய மியூஸ்ஸ்கோர் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருளாக வளர்ந்தது. அதற்கு முன்பே, 1998 டிசம்பரில், ரஃபேல் ஓர்னஸ் தொடங்கிய சேர்ந்திசைப் பொதுக்கள நூலகம், பழைய மேதைகளின் படைப்புகளோடு இன்றைய அறிமுகமற்றவர்களின் படைப்புகளுக்கும் இடம் கொடுத்தது. எழுதியதை ஒலியோடு இணையத்தில் ஏற்றுவது, முகமறியாத சக ஆர்வலர்கள் அதைப் படித்தும் கேட்டும் கருத்துச் சொல்வது, அவர்கள் எழுதியதை இவர் கேட்டுப் பதில் சொல்வது என்று ஒரு பழக்கம் உருவாயிற்று. இந்தக் கொடுக்கல் வாங்கல் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அதனாலேயே இதன் அடிப்படைக் குறை என்னை உறுத்துகிறது.

நல்ல சகாக்கள் வாய்ப்பது இசை எழுதுபவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஃபேனி ஹென்ஸலின் வாழ்க்கையே சாட்சி. ஃபெலிக்ஸ் மெண்டல்ஸோனின் அக்கா. பெண் என்பதால் இசையைத் தொழிலாகக் கொள்ள அவருக்கு வீட்டில் அனுமதி இல்லை. பெர்லினில் தம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கச்சேரிகள் நடத்தி, அங்கே கூடியவர்களைப் பாட வைத்து, தம் படைப்புகளை அவர்களிடமே சோதித்துப் பார்த்தார். 450-க்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதியவர், தம் பெயரில் அவற்றைப் பதிப்பிக்கத் துணிந்தது 1846-இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில்தான். அந்தக் கடைசிக் காலத்தில் பதிப்பித்தவற்றுள் வாத்தியத் துணையின்றிப் பாடும் ‘தோட்டப் பாடல்கள்’ என்னும் தொகுப்பும் ஒன்று. அதில் ஒவ்வொரு குரலுக்கும் மூச்சுவிட இடம் இருக்கிறது, ஒவ்வொரு வரியும் தனித்துப் பாடத்தக்கதாக இருக்கிறது. மனிதர்கள் பாடக் கேட்டே எழுதிப் பழகியவரின் கை அது.

சகாக்களால் முடியாதது என்ன என்பதை ரஷ்ய இசையமைப்பாளர்களின் பாலாகிரெவ் வட்டம் காட்டுகிறது. போரடின் வேதியியலாளர், குயி ராணுவப் பொறியாளர், ரிம்ஸ்கி-கோர்சகோவ் கடற்படை அதிகாரி. 1860-களில் பீட்டர்ஸ்பர்க்கில் ஒருவர் எழுதியதை மற்றவர் பியானோவில் வாசித்து, வரிக்கு வரி விவாதித்து வளர்ந்தவர்கள். அந்த ஊக்கம் இல்லாவிட்டால் ரிம்ஸ்கி-கோர்சகோவ் சிம்ஃபனி எழுதியிருக்கவே மாட்டார். ஆனால் 1871-இல் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தபோதுதான், ஹார்மனியும் கவுன்ட்டர்பாயின்ட்டும் முறையாகத் தமக்குத் தெரியாது என்பதை அவர் உணர்ந்தார். பாடம் நடத்திக்கொண்டே ஆண்டுக்கணக்கில் தாமும் மாணவராகப் படித்தார். வட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த அறியாமையை அந்த வட்டத்தால் சுட்டிக்காட்ட முடியவில்லை. இன்றைய இணையத் தோழமைக்கும் இதே எல்லை இருக்கிறது.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். தாளில் உள்ள பிழைகளைக் கண்டுபிடிப்பதில் பல கண்களுக்கு ஈடு எதுவும் இல்லை. சோப்ரானோவும் பேஸும் இணையாக ஐந்தாம் இடைவெளியில் நகர்வது, டெனரின் வரி ஆல்ட்டோவுக்கு மேலே ஏறிக் குறுக்கிடுவது, பாடல் வரியின் அசைகள் தவறான ஸ்வரத்தின் கீழ் விழுவது, ஜி ஷார்ப் என்று எழுத வேண்டிய இடத்தில் ஏ ஃபிளாட் என்று எழுதிப் பாடுபவரைத் தடுமாற வைப்பது ஆகியவற்றைத் தேர்ந்த ஆர்வலர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். இதன் உச்சமாக நான் கருதுவது 2012-இல் வெளிவந்த திறந்த கோல்ட்பெர்க் பதிப்பை. பாஹின் அந்தப் பெரும்படைப்பை மியூஸ்ஸ்கோரில் எழுதி, இணையத்தில் பொதுமக்களின் சரிபார்ப்புக்கு வைத்துத் திருத்தி, கிமிகோ இஷிஸாகாவின் பியானோ ஒலிப்பதிவோடு உலகுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். கூட்டு உழைப்பின் மீது நம்பிக்கை தரும் செயல் அது.

இனி குறை. இந்தப் பரிமாற்றத்தில் எல்லோரும் கேட்பது மென்பொருள் பாடிக் காட்டுவதை. எழுதியவர் கேட்பதும் அதையே, கருத்துச் சொல்பவர் கேட்பதும் அதையே. 2022 இறுதியில் வந்த மியூஸ்ஸ்கோரின் நான்காம் பதிப்பும் அதனுடன் இணையும் ஒலித்தொகுப்பும் குரலொலியை வியக்கத்தக்க அளவுக்கு மெருகேற்றிவிட்டன. மெருகு கூடக் கூட ஏமாற்றமும் கூடுகிறது. பழைய மின்னொலி கரகரவென்று இருந்தபோது, இது வெறும் மாதிரி என்பதை யாரும் மறக்கவில்லை. இப்போது மறக்கிறார்கள்.

இயந்திரக் குழு மூச்சு வாங்குவதில்லை. பன்னிரண்டு பார் நீளும் ஒரே ஸ்வரத்தை அது அலுங்காமல் பிடித்து நிற்கும். நடு சி-க்குக் கீழே உள்ள ஜி-யில் ஆல்ட்டோவை வைத்து, மேலே சோப்ரானோவை உச்சத்தில் பாடவிட்டால், திரையில் இரண்டும் சமமாகக் கேட்கும். மேடையில் ஆல்ட்டோ காணாமல் போய்விடும். எட்டு பார் மௌனத்துக்குப் பின் டெனர் எந்தத் துணையும் இல்லாத ஒரு ஸ்வரத்தில் நுழைய வேண்டும் என்று எழுதினால் இயந்திரம் தயங்காமல் நுழையும். மனிதர் அந்த ஸ்வரத்தை எங்கிருந்து எடுப்பார்? முந்தைய பாரில் வேறொரு குரல் அதை முன்கூட்டியே தொட்டுக் கொடுத்திருக்க வேண்டும். சேர்ந்திசை எழுதும் கலையில் பாதி, பாடுபவர் தம் அடுத்த ஸ்வரத்தை எங்கே கேட்பார் என்று யோசிப்பதுதான்.

சொல்லும் இதில் தப்புவதில்லை. வழக்கமான குரல் ஒலிகள் ‘ஆ’ என்றோ ‘ஊ’ என்றோ மட்டும் பாடுகின்றன. சோப்ரானோ 880 ஹெர்ட்ஸில் உள்ள மேல் ஏ-யைத் தொடும்போது எந்த உயிரொலியைப் பாடினாலும் அது ஏறக்குறைய ‘ஆ’ போலவே கேட்கும். அது குரல்வளையும் வாயறையும் இயங்கும் விதம், பயிற்சியால் முழுதும் கடக்க முடியாதது. பாட்டின் உயிரான சொல்லை அந்த உச்சத்தில் கொண்டுபோய் வைப்பவருக்கு மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது.

இதைவிட ஆழமான ஒரு விளைவு இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. மென்பொருள் பியானோவைப் போல சம இடைவெளிச் சுருதியில் ஒலிக்கிறது. அந்த ஏற்பாட்டில் மேஜர் மூன்றாம் இடைவெளி இயற்கையான சுருதியைவிட ஏறக்குறைய 14 சென்ட் (சுருதியை அளக்கும் நுண்ணலகு) அகலம். வாத்தியத் துணையின்றிப் பாடும் நல்ல குழு, நீண்டு நிற்கும் கார்டில் ஒருவரையொருவர் கேட்டு அந்த மூன்றாம் ஸ்வரத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் பொருத்திக்கொள்ளும். அப்போது மூன்றே ஸ்வரங்களின் எளிய கார்டு ஒளிவிடும். யாரும் பாடாத மேல் ஸ்வரங்கள்கூடக் காதில் விழும். கணினியில் அதே கார்டு தட்டையாகவும் சாதாரணமாகவும் ஒலிக்கிறது. எழுதுபவருக்கு அது போதவில்லை. இரண்டாம் ஸ்வரத்தைச் சேர்க்கிறார், ஏழாவதைச் சேர்க்கிறார், நான்கு குரலை எட்டாகப் பிரிக்கிறார். கணினியில் அது மினுமினுக்கிறது. இருபது பேர் கொண்ட உள்ளூர்க் குழுவில் அதே இடம் கலங்கிய குழம்பாகிறது. இணையத்தில் உலவும் புதிய சேர்ந்திசைகளில் பெரும்பகுதி ஒன்றுபோலவே நெருக்கடியான ஸ்வரக் கொத்துகளால் நிறைந்திருப்பதற்கு, பிரபல முன்மாதிரிகளைப் பின்பற்றும் ஆசை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. இயந்திரத்தின் சுருதியும் சேர்ந்து அந்தத் திசையில் தள்ளுகிறது.

பியானோ எழுதுபவர்கள் இந்த வகையில் பாக்கியசாலிகள். ஒரு ஆக்டேவ் 16.5 சென்டிமீட்டர் என்பதை விரல்களே நினைவூட்டும். பத்தாம் இடைவெளி 21 சென்டிமீட்டரைத் தாண்டும், அது பலரின் கைக்கு எட்டாது. மென்பொருளில் சுட்டியால் மட்டும் எழுதுபவர்கள் அத்தகைய கார்டுகளை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள், பெடல் குறியையும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் வீட்டில் பியானோ வைத்திருக்கும் சகா ஒருவர் அரை மணி நேரத்தில் வாசித்துப் பார்த்து, ஒலிப்பதிவையும் அனுப்பிவிடலாம். இந்தப் பரிமாற்றம் முழுப்பலன் தருவது பியானோ இசையில்தான். சேர்ந்திசை எழுதுபவர்களும் நான்கு குரல்களைச் சுருக்கிப் பயிற்சிக்கான பியானோப் பகுதி ஒன்றைத் தாளின் அடியில் சேர்த்தால், பாடிப் பார்க்க முன்வரும் குழுவின் வேலை பாதியாகக் குறையும்.

புகழ்ச்சிப் பரிமாற்றம் இன்னொரு சங்கடம். நான் உன்னுடையதைக் கேட்டேன், நீ என்னுடையதைக் கேள் என்ற ஏற்பாட்டில் மென்மையான பாராட்டே நாணயமாகிறது. புதியவரை முதல் நாளே நொறுக்கிவிடக் கூடாது என்ற கருணை அதில் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் “17-ஆம் பாரில் டெனருக்கு மூச்சு வாங்க இடம் இல்லை” என்று சொல்பவரே உண்மையில் கருணை காட்டுபவர்.

சொற்களின் உரிமை பற்றியும் அமெச்சூர்கள் மெத்தனமாக இருக்கிறார்கள். எரிக் விட்டகர் தொழில்முறை இசையமைப்பாளர். அவரே ராபர்ட் ஃப்ராஸ்டின் புகழ்பெற்ற பனிக்காட்டுக் கவிதைக்கு இசையமைத்துவிட்டு, உரிமை வைத்திருந்தவர்கள் மறுத்ததால் அந்த வடிவத்தைக் கைவிட நேர்ந்தது. கவிஞர் சார்லஸ் அந்தோனி சில்வெஸ்ட்ரி அதே இசைக்குப் பொருந்தும் புதிய வரிகளை எழுதிக் கொடுக்க, அது ‘ஸ்லீப்’ என்ற பெயரில் உலகெங்கும் பாடப்படுகிறது. 1923-இல் வெளியான அந்தக் கவிதை அமெரிக்காவில் 2019-இல்தான் பொதுவுடைமையானது. தமிழில் எழுத நினைப்பவருக்கு இந்தத் தடை குறைவு: பாரதியின் படைப்புகள் 1949-இலேயே நாட்டுடைமையாகிவிட்டன. தேவாலயங்கள் வழியாக நான்கு குரலில் பாடும் மரபும் சால்ஃபா ஸ்வரக்குறி படிக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் தமிழ்ச் சொல்லுக்கான புதிய சேர்ந்திசை மிகக் குறைவாகவே எழுதப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இயந்திரம் வேண்டாம் என்றால் இணையத்திலேயே மனிதக் குரல்களைச் சேர்க்கலாமே என்று கேட்கலாம். அதையும் விட்டகரே செய்து காட்டினார். 2010-இல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேர் தனித்தனியே பாடி அனுப்பிய காணொளிகளை இணைத்து உருவானது அவருடைய முதல் மெய்நிகர் குழு. தனிமையில் இருந்தவர்களுக்கு அது தந்த மகிழ்ச்சி பெரிது. எனினும் அதில் ஒருவர் மற்றவரைக் கேட்டுப் பாடவில்லை, எல்லோரும் ஒரே காணொளியைப் பார்த்துப் பாடினார்கள். இணையத்தில் நேரடியாகச் சேர்ந்து பாடுவதற்குத் தாமதம் தடையாக நிற்கிறது. காற்றில் ஒலி பத்து மீட்டர் கடக்க ஏறக்குறைய 30 மில்லி வினாடி ஆகிறது. தாமதம் அந்த அளவைத் தாண்டினாலே லயம் இழுபடத் தொடங்கும். தொலைதூர இணைப்புகளில் அது பல மடங்காகிறது. பக்கத்தில் நிற்பவரின் சுருதிக்குத் தன் சுருதியைச் சரிசெய்துகொள்வதுதான் குழுப்பாட்டின் உயிர் என்றால், அந்த உயிர் இன்னும் இணையத்துக்கு வரவில்லை.

இதே விட்டகர் நெவாடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு நொட்டேஷன் படிக்கவே தெரியாது. கல்லூரிக் குழுவில் பேஸ் பிரிவில் நின்று மோட்ஸார்ட்டின் ரெக்வியத்தைப் பாடியதுதான் தன்னை மாற்றியது என்று அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சேர்ந்திசை எழுதும் ஆர்வலர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுவே. உங்கள் ஊரில் எந்தக் குழு இருந்தாலும், எவ்வளவு சிறியதானாலும், அதில் போய் நின்று பாடுங்கள். எழுதியதை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் நான்கு வரிகளையும் ஒவ்வொன்றாக உங்கள் வாயால் பாடிப் பாருங்கள். பாட வராத வரியை மாற்றி எழுதுங்கள். கருத்துக் கேட்கும்போது பொதுவான அபிப்பிராயம் கேட்காதீர்கள். ஆல்ட்டோ பாடும் சகாவிடம் ஆல்ட்டோ வரியை மட்டும் பாடி அனுப்பச் சொல்லுங்கள்.

குழு நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இலவசமாக எடுத்த தாளை எங்கே, எப்போது பாடினீர்கள் என்று எழுதியவருக்கு இரண்டு வரி அனுப்புங்கள். முடிந்தால் கைப்பேசிப் பதிவு ஒன்றையும் இணையுங்கள். அவர் தம் இசையை மனிதர்கள் பாடிக் கேட்பது அதுவே முதல்முறையாக இருக்கக்கூடும்.